விலை இறங்கினால் யாருக்கு வலிக்கிறது?

"பழைய காசுக்கு மார்க்கெட் விழுந்துவிட்டது சார், இனிமேல் யார் சேர்ப்பார்கள்?" என்ற ஒப்பாரி ஒவ்வொரு மந்தத்திலும் கேட்கிறது. ஒப்பாரி வைப்பது யார் என்று கவனியுங்கள். பெரும்பாலும் காசைப் பார்த்து வாங்கியவராக இருக்கமாட்டார். விலைப்பட்டியலைப் பார்த்து வாங்கியவராக இருப்பார். இல்லையென்றால் அவருக்கு விற்றவர்.

விலை இறங்குவதால் நாணயம் சேர்ப்பவனுக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆசைப்பட்டும் கைக்கு எட்டாத காசு அப்போதுதான் எட்டும். "இது முதலீடு, பேங்க் வட்டியைவிட மேல்" என்று சொல்லி நம் வயதுக்காரர்களின் பி.எஃப். பணத்தைக் கறந்தவர்களுக்குத்தான் சாயம் வெளுக்கிறது.

இந்த வியாதி நம் ஊரோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் 1950-இல் டென்வர் நாணயச்சாலை அடித்த 5 சென்ட் காசு 26 லட்சத்துச் சொச்சம்தான். குறைவு என்று தெரிந்ததும் ஆளாளுக்கு உருளை உருளையாக வாங்கிப் பதுக்கினார்கள். ஓர் உருளையில் 40 காசு, முகமதிப்பு 2 டாலர். 1964-இல் அது 1,000 டாலரைத் தாண்டியது. பிறகு ஒருநாள் எல்லோரும் விற்க வந்தார்கள், வாங்கத்தான் ஆளில்லை. விலை சரிந்தது. அந்தக் காசு அபூர்வமே இல்லை, எல்லார் வீட்டு அலமாரியிலும் தூங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

நம் வெள்ளி ரூபாய்க்கு வருவோம். விக்டோரியா, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாயின் எடை 11.66 கிராம். பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. சாதாரண வருடத்துக் காசு என்றால் அதன் விலையில் பெரும்பகுதி வெள்ளியின் விலை. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் அவுன்ஸ் 50 டாலரை ஒட்டிப் போன வெள்ளி, மார்ச் 27 அன்று 11 டாலருக்குக் கீழே வந்து நின்றது. வெள்ளி ஏறும்போது "காசு ஏறுது" என்று விற்பவர், இறங்கும்போது மட்டும் "இது சரித்திரப் பொக்கிஷம் சார், வெள்ளியோடு ஒப்பிடாதீங்க" என்பார். ஒரே வாய், இரண்டு பேச்சு.

வியாபாரி லாபம் வைக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கடை வாடகை, கண்காட்சிக்கு அலைச்சல், முடங்கிக் கிடக்கும் முதல் எல்லாம் அவருக்கு உண்டு. ஆனால் விற்கும் விலையைச் சொல்பவர், இதே காசைத் திரும்ப என்ன விலைக்கு எடுப்பேன் என்பதையும் சொல்ல வேண்டும். கேட்டுப் பாருங்கள். பேச்சு உடனே வானிலைக்குத் தாவும். பட்டியலில் அச்சடித்த விலை உங்கள் காசின் விலை ஆகாது. விற்கப் போகும் அன்று எதிரே இருப்பவர் கையில் எண்ணிக் கொடுப்பதுதான் விலை.

இதைவிட மோசம் வாட்ஸ்அப் வீடியோக்காரர்கள். வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லி, முதலில் "கமிஷன்" கட்டச் சொல்கிறார்கள். பழைய நாணய வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமே இல்லை, யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்தும் ஏமாறுகிறவர்கள் ஏமாந்துகொண்டே இருக்கிறார்கள்.

"அவசரத்துக்கு விற்க வேண்டியவன் நஷ்டப்படுவானே?" என்று கேட்பீர்கள். படுவான். அதனால்தான் சொல்கிறேன்: மருந்துக்கும் பேத்தி கல்யாணத்துக்கும் வைத்த பணம் காசு ஆல்பத்துக்குள் போகக்கூடாது. சினிமாவுக்கும் புத்தகத்துக்கும் செலவழிக்கிற பணம்தான் போகலாம்.

சந்தை விலையை மட்டும் பார்த்திருந்தால் நமக்குச் சங்க காலக் காசே மிஞ்சியிருக்காது. கரூர் அமராவதி ஆற்று மணலிலிருந்து மாக்கோதை பெயர் பொறித்த சேரர் காசு வந்தது. பாண்டியன் பெருவழுதி பெயர் பொறித்த செப்புக்காசை 1980-களில் அடையாளம் கண்டு சொன்னவர் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி. இப்படிப்பட்ட காசுகள் பழைய செம்பாக எடைக்குப் போய் உருகிக்கொண்டிருந்த காலம் அது. மதிப்பே இல்லாதபோது பொறுக்கி எடுத்துப் படித்தவர்களால் தமிழனுக்குச் சரித்திரம் கிடைத்தது. அவர்கள் யாரும் மார்க்கெட் ஏறுமா என்று பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை.

ஆகவே நண்பர்களே, மந்தம் வந்தால் பதறி விற்காதீர்கள். "மலிவு" என்று மூட்டையாகவும் வாங்காதீர்கள். ஒவ்வொரு காசுக்கும் அது என்ன, எங்கே வாங்கியது, என்ன கொடுத்தது என்று ஒரு நோட்டில் தமிழில் எழுதி வையுங்கள். நமக்குப் பின்னால் பிள்ளைகள் அந்த டப்பாவைத் திறக்கும்போது, கையில் நோட்டு இருந்தால் யோசிப்பார்கள். இல்லாவிட்டால் தராசுக்குத்தான் போகும்.