தேய்வது கிண்ணம், கரைவது எலும்பு

செயற்கை இடுப்பு மூட்டு எத்தனை ஆண்டு தாங்கும் என்று கேட்டால், பலர் கார் டயரை நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறார்கள். தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதானே என்கிறார்கள். உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கும் எனக்கு இந்த ஒப்பீடு உறுத்துகிறது. டயரிலிருந்து உதிரும் தூளைச் சாலை கண்டுகொள்வதில்லை. உடல் கண்டுகொள்ளும். மூட்டு தளர்வதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

தொடை எலும்புக்குள் இறக்கிய உலோகத் தண்டு, அதன் தலையில் ஒரு குண்டு, அது சுழல இடுப்பெலும்பில் பதித்த கிண்ணம். மூட்டின் அமைப்பு அவ்வளவுதான். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1950களின் இறுதியில் அந்தக் கிண்ணத்தை டெஃப்லானில் செய்தார். ஆம், ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே பொருள்தான். நன்றாக வழுக்கும், உடலோடு வினை புரியாது என்பது அவர் கணக்கு. ஏறக்குறைய 300 பேருக்குப் பொருத்தினார். சில ஆண்டுகளிலேயே கிண்ணங்கள் தேய்ந்துபோயின. உதிர்ந்த தூளைச் சுற்றித் திசு கட்டிகளாகத் திரண்டது. அவர் அந்தத் தூளைத் தம் தொடையிலேயே ஊசியால் ஏற்றிப் பார்த்தார். அங்கும் கட்டிகள் எழும்பின. 1962இல் பாலிஎதிலீனுக்கு மாறினார். அதுவரை நெசவு இயந்திரப் பல்சக்கரங்களுக்குப் பயன்பட்ட பிளாஸ்டிக் அது. அதன் மேம்பட்ட வடிவங்கள்தாம் இன்றும் கிண்ணங்களாகின்றன.

பாலிஎதிலீன் மெதுவாகத்தான் தேய்கிறது. ஆனால் அதன் துகள் மிக நுண்ணியது. பல துகள்கள் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. கிருமியை விழுங்கும் மேக்ரோபேஜ் உயிரணுக்கள் அவற்றையும் விழுங்குகின்றன. செரிக்க முடிவதில்லை. திணறும் உயிரணுக்கள் இரசாயனச் சமிக்ஞைகளை அனுப்ப, எலும்பை அரிக்கும் உயிரணுக்கள் விழித்துக்கொள்கின்றன. தண்டையும் கிண்ணத்தையும் பற்றியிருந்த எலும்பு கரைகிறது. பிடி தளர்கிறது. ஒரு காலத்தில் இந்தப் பழி எலும்புச் சிமெண்டின் மேல் விழுந்து, "சிமெண்டு நோய்" என்றே பெயரும் வைத்தார்கள். சிமெண்டு இல்லாமல் பொருத்திய மூட்டுகளைச் சுற்றியும் எலும்பு கரைந்தபோதுதான் அந்தப் பெயர் பொருந்தாது என்று தெரிந்தது.

வேறு காரணங்களும் உண்டு. கிருமித் தொற்று ஒன்று. உடல் எடையை உலோகத் தண்டே தாங்கிக்கொள்வதால் வேலையில்லாத எலும்பு மெலிவது இன்னொன்று.

என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. இந்த அரிப்பு பல ஆண்டுகள் வலியே தராமல் நடக்கக்கூடியது. என் பாட்டிக்கு மூட்டு மாற்றி 14 ஆண்டுகள் ஆகின்றன. மறுபரிசோதனைக்கு அழைத்தால், "வலிதான் இல்லையே ஐயா, அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரி?" என்கிறார். பல வீடுகளில் இதே பதில்தான் என்று நினைக்கிறேன். பெரியவர்களைக் குறை சொல்ல முடியாது. நோய் என்றால் வலிக்க வேண்டும் என்றுதானே நாம் எல்லாரும் வளர்ந்திருக்கிறோம்! ஆனால் வலி தொடங்கும்போது எலும்பு நிறையவே போயிருக்கலாம். அப்போது புது மூட்டைப் பற்றவைக்க எலும்பு போதாது. இரண்டாம் அறுவைச் சிகிச்சை முதலாவதைவிடக் கடினமாகிவிடும்.

பயமுறுத்த இதை எழுதவில்லை. 2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வின்படி, மாற்றப்பட்ட இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 விழுக்காடு 25 ஆண்டுகள் தாங்குகின்றன. 1990களின் இறுதியில் வந்த குறுக்குப் பிணைப்பு மிகுந்த பாலிஎதிலீன் இன்னும் குறைவாகவே தேய்கிறது. ஆனால் 14 ஆண்டுகளுக்கு முன் வைத்த கிண்ணம் எந்த வகை என்று வீட்டில் யாருக்குத் தெரியும்?

அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது படிக்கும் பிள்ளைகளின் வேலை என்பது என் கருத்து. மருத்துவ அட்டையைத் தேடி எடுங்கள். எந்த ஆண்டு, எந்த வகை என்று குறித்து வையுங்கள். பழைய எக்ஸ்ரேயைத் தூக்கிப் போடாதீர்கள். எலும்பு எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை மருத்துவர் புதிய படத்தை அதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்.