வலியும் பழகிய இடமும்



வெள்ளகோவில் வட்டாரத்து விசைத்தறிக் கூடங்களின் பேரோசையை நாம் அறிவோம். அவ்வோசைக்கும் அவசரத்துக்கும் நடுவே விரலில் காயம்பட்டதுகூடத் தொழிலாளிக்கு உடனே தெரியாமற் போவதுண்டு. வீடு திரும்பி அமர்ந்த பின்னரே வலி தலைகாட்டும். இஃது ஏன்?

நெருக்கடி நேரும்போது உடலே வலிதணிக்கும் பொருள்களைச் சுரக்கின்றது. அபினைப்போல் செயற்படும் இவற்றுள் சிலவற்றை 1975-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரில் ஹியூஸ், காஸ்டர்லிட்ஸ் என்னும் அறிஞர்கள் கண்டறிந்தனர். ஆயினும் இத்தணிப்பு என்றும் ஒரே அளவில் நிலைப்பதன்று. குளிர்நீரில் நாள்தோறும் நீந்தவிடப்பட்ட எலிகளிடம் அது நாளடைவில் குறைந்தது. உடல் நெருக்கடிக்குப் பழகிவிட்டது.

இத்தகைய பழக்கத்தில் இடத்துக்கும் பங்குண்டு என்பதைக் கனடா நாட்டு உளவியலறிஞர் ஷெப்பர்டு சீகல் அபின் வகை மருந்துகளைக் கொண்டு விளக்கினார். வழக்கமான அறையும் ஒளியும் மணமும் மருந்து வரப்போவதை உடலுக்கு முன்னறிவிக்கின்றன. உடலும் அதனை எதிர்கொள்ள ஆயத்தமாகின்றது. ஹெராயினுக்குப் பழகிய எலிகளுக்கு அதனைப் பெருமளவில் கொடுத்த ஆய்வை அவர் 1982-இல் வெளியிட்டார். பழகிய இடத்தில் நூற்றுக்கு 32 மடிந்தன. வேறிடத்தில் 64 மடிந்தன. அளவு ஒன்றே, இடந்தான் வேறு.

மனிதரிடமும் இதுபோன்ற நிகழ்ச்சியொன்றை 1986-இல் அவர் எடுத்துக்காட்டினார். புற்றுநோயாளி ஒருவருக்கு மங்கிய படுக்கையறையில் அவர்தம் மகன் மார்பீன் ஊசி போட்டு வந்தார். ஒருநாள் வெளிச்சமான கூடத்தில் வழக்கமான அளவே போடப்பட்டது, நோயாளி இறந்தார். இடமாற்றமே காரணமாகலாம் எனச் சீகல் கருதினார்.

இதனால் நாம் கொள்ளவேண்டியவை சில. வலி தெரியவில்லை என்பதால் காயமில்லை என எண்ணற்க. தறியிலிருந்து திரும்புவோரின் கைகளை மாலையில் ஒருமுறை பாருங்கள். வலிமாத்திரைகளைப் போதைக்காக நாடும் பிள்ளைகளிடம், "முன்பு தாங்கிய அளவுதானே" என்னும் துணிவு புதிய இடத்தில் உயிரைப் பறிக்கக்கூடும் என எடுத்துச் சொல்லுங்கள். சிலகாலம் விட்டிருந்து மீண்டும் தொடுவோர்க்கு ஆபத்து இன்னும் பெரிது. மருத்துவர் தரும் மார்பீனுக்கு அஞ்சவேண்டுவதில்லை. துன்புறுவோர்க்கு அது பேருதவி. ஆனால் நோயாளியை இடம் மாற்றும்போது மருத்துவரிடம் முன்னரே தெரிவித்து, மருந்து கொடுத்தபின் அருகிருந்து அவரது மூச்சைக் கவனிப்போமாக.