போனைப் பறித்து வைக்க முன்...

அலவத்துகொட உறவுகளே,

"சேர், புள்ளைட போனைப் பறிச்சு வைக்கச் சொல்லுங்க." கடந்த பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் அதிகம் கேட்ட வார்த்தை இதுதான். அந்தப் பயம் எங்களுக்கும் உண்டு. 2018 மார்ச்சில் திகனயில் மூண்ட தீ அக்குறணை வரை வந்தபோது, வெறுப்பைச் சுமந்து வந்ததும் இதே பேஸ்புக்தான். அரசாங்கம் சில நாட்கள் சமூக ஊடகங்களையே முடக்கியது. 2020இல் அந்த நிறுவனம் மன்னிப்பும் கேட்டது. இதையெல்லாம் மறந்துவிட்டு நாங்கள் எழுதவில்லை.

ஆனாலும் எங்கள் தரம் 9 வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

"மழை கொஞ்சம் கூடினாலே பிங்கா ஓயா ஏன் அக்குறணை டவுனுக்குள்ள வருது சேர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். புத்தகத்தில் பதில் இல்லை. எங்களுக்கும் முழுதாகத் தெரியாது. வெள்ளம் பற்றி பேஸ்புக்கில் எழுதும் ஒரு விரிவுரையாளருக்கு, பிள்ளைகளோடு சேர்ந்து நாலு வரி எழுதினோம். பதில் வராது என்றுதான் நினைத்தோம். மறுநாள் இரவு ஏழு நிமிடக் குரல் பதிவு வந்தது. சரிவுகளில் கட்டடங்கள் கூடினால் மழைநீர் மண்ணில் இறங்காமல் ஓடி வரும், கரை ஒடுங்கினால் ஓயாவுக்கு இடம் போதாது, குப்பை மிச்சத்தையும் அடைத்துவிடும் என்று விளக்கினார். பிறகு பிள்ளைகளிடம் ஒரு வேலையும் கேட்டார்: போத்தலை வெட்டி வைத்து தினமும் மழையை அளந்து எழுதுங்கள். இன்று ஆறு வீட்டு முற்றங்களில் போத்தல் நிற்கிறது. வகுப்பில் வாய் திறக்காத ஒரு பிள்ளைதான் கணக்குக் கொப்பியை வைத்திருக்கிறாள்.

இது எமக்குப் புதிதல்ல. 1883இல் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு ஒராபி பாஷா இலங்கைக்கு வந்தார். கண்டியில் பிறந்த சித்திலெப்பை அவரோடு பழகினார். வேடிக்கை பார்க்க அல்ல. எம் பிள்ளைகளின் கல்வி என்ற கவலையோடு. அந்த உறவும் வாப்பிச்சி மரிக்காரின் உழைப்பும் சேர்ந்துதான் 1892இல் கொழும்பு ஸாஹிரா உருவானது. அன்று அப்படி ஒரு மனிதரைச் சந்திக்க, வெள்ளைக்காரன் அவரை இங்கே கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. இன்று ஒரு மெசேஜ் போதும்.

ஆனால் நடிகரையும் கிரிக்கெட் வீரரையும் பின்தொடர்வது சந்திப்பாகாது. கையில் ஒரு கேள்வி வேண்டும். அதனால் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வது இவ்வளவுதான்: முதலில் அவர் எழுதியதை வாசியுங்கள். ஸலாமோ வணக்கமோ சொல்லி, யார் என்று அறிமுகப்படுத்துங்கள். ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். வீட்டுப்பாடத்தைச் செய்து தரச் சொல்லாதீர்கள். பதில் வந்தால் நன்றி, வராவிட்டால் பொறுமை. உம்மா, வாப்பா அல்லது ஆசிரியர் பார்க்கும் கணக்கிலிருந்தே எழுதுங்கள். யாராவது படம் கேட்டாலோ, ரகசியமாகப் பேசச் சொன்னாலோ அந்த நிமிடமே எங்களிடம் சொல்லுங்கள்.

பெற்றோரே, போனைப் பறிக்க முன் ஒருநாள் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, "யாரிடம் என்ன கேட்க ஆசை?" என்று கேட்டுப் பாருங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் எமது ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். தாதி, மெக்கானிக், பொறியியலாளர், லொறி ஓட்டுபவர் யாராக இருந்தாலும் சரி, மாதத்தில் அரை மணி நேரம் எங்கள் மாணவர்களுக்குத் தாருங்கள். அவர்கள் கேட்க நிறைய வைத்திருக்கிறார்கள்.