காலாற நடப்போம்: கோட்டையிலிருந்து குன்று வரை



கொச்சிக்கு வந்து பத்தாண்டு ஆயிற்று என்று பெருமையுடன் கூறும் நம்மவரிடம், "மட்டாஞ்சேரிக் கடைத்தெருவை ஒருநாள் நடந்து பார்த்ததுண்டா?" என்று கேட்டால், "சரக்கு ஏற்றிவிடப் போயிருக்கிறேன்" என்பர். "மலையாற்றூர்?" என்றால், "பேருந்தின் பெயர்ப்பலகையில் பார்த்திருக்கிறேன்" என்பர். அவரைக் குறை கூறுதல் தகாது. பிழைக்க வந்த ஊரை நாம் பிழைப்பின் அளவாகவே அறிகிறோம். வீடு, வேலையிடம், கடைத்தெரு, ஊருக்குத் திரும்பும் இரயில் நிலையம்; இவ்வளவே நம் கொச்சி. ஆனால் நம் பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்குள்ள பள்ளிகளில் மலையாளம் பயின்று வளர்கின்றனர். "நீ வெளியூர்க்காரன்தானே?" என்று பள்ளித் தோழன் ஒருவன் கேட்டுவிட்டால், பிள்ளை அந்தக் கேள்வியை மாலையில் வீட்டுக்குக் கொண்டுவருகிறது. அதற்கு என்ன விடை சொல்வது என்று தாய்மார் சிலர் சங்கத்தில் கேட்டதுண்டு. விடையாக இரண்டு நடைகளை இம்மாதம் கூறுகிறேன். ஒன்று நகருக்குள்; மற்றொன்று மலைமேல்.

முதல் நடையைக் கோட்டைக் கொச்சிப் படகுத் துறையில் காலை ஏழு மணிக்குத் தொடங்குக. வெயில் ஏறிய பின் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடப்பது பெரும்பாடு. சீன வலைகளைக் கண்டு களிக்கலாம். எனினும் அங்கே கால் மணிக்கு மேல் நிற்க வேண்டியதில்லை. அங்கிருந்து கடலோரமாகச் செல்லும் நடைபாதையில், பழைய கோட்டையின் சிதைந்த கற்கட்டுகள் சிலவற்றைக் காணலாம். பறங்கியர் 1503ஆம் ஆண்டில் எழுப்பி, தம் அரசன் மானுவேலின் பெயரை இட்ட கோட்டை அது. ஐரோப்பியர் இந்திய மண்ணில் கட்டிய முதற் கோட்டை அதுவே. 1663இல் அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் சுருக்கிக் கட்டினர். 1806இல் ஆங்கிலேயர் பெரும்பகுதியை இடித்துத் தள்ளினர். ஆகவே கோட்டையைக் காணலாம் என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டி அழைத்துச் செல்லாதீர்கள்; ஊரின் பெயரில்தான் கோட்டை முழுமையாக நிற்கிறது.

புனித பிரான்சிஸ் தேவாலயம் அடுத்துள்ளது. வாஸ்கோ ட காமா 1524ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் கொச்சியில் காலமானான். அவனை முதலில் அடக்கம் செய்தது இத்தேவாலயத்தில்தான். பின்னர் அவன் எலும்புகளைப் போர்ச்சுகலுக்குக் கொண்டு சென்றனர். சுவர்களில் பதித்திருக்கும் பழைய கல்லறைக் கற்களைப் பிள்ளைகள் தடவிப் பார்க்கட்டும். ஞாயிறு காலையில் வழிபாடு நடைபெறும். அது முடியும்வரை வெளியே காத்திருப்பதே முறை. அங்கிருந்து சிறு தொலைவில் சாந்தா குரூஸ் பேராலயம் உள்ளது. ஒல்லாந்தர் அழிக்காது விட்ட பழைய கட்டடத்தை 1795இல் ஊரைக் கைக்கொண்ட ஆங்கிலேயர் இடித்தனர். இப்போதுள்ளது 1905இல் திருநிலைப்படுத்தப்பட்டது. பழையதன் கருங்கல் தூண் ஒன்று மட்டும் வளாகத்தில் நிற்கிறது.

இந்தத் தெருக்களில் எங்கும் பலகை வைத்துக் காட்டாத செய்தி ஒன்று உண்டு. தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூலாகிய "தம்பிரான் வணக்கம்" 1578இல் கொல்லத்தில் வெளியாயிற்று. பதினாறே பக்கங்கள் கொண்ட அச்சிறு நூலின் படியொன்று இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. அதற்கு மறு ஆண்டு, 1579இல், "கிரீசித்தியானி வணக்கம்" என்னும் தமிழ் நூல் அச்சாயிற்று. எங்கே? இதே கொச்சியில், ஏசுசபையாரின் கல்லூரியில். ஆக்கியவர் ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் என்னும் பாதிரியார். முத்துக்குளித்துறையில் பல்லாண்டு வாழ்ந்து தமிழ் கற்றவர். சென்னையில் ஆங்கிலேயர் கோட்டை கட்டுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கொச்சியில் தமிழ் அச்சேறிவிட்டது. அதற்கும் முன்னர், 1530களிலேயே, முத்துக்குளித்துறைப் பரதவர் தலைவர் சிலர் பறங்கியரின் துணை நாடி இவ்வூருக்கு வந்து ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பினர். தோழனிடம் சொல்லப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்.

தெற்கே வெளிப் பகுதியிலுள்ள சலவைத்துறையையும் பார்க்காமல் வரலாகாது. ஒல்லாந்தர் காலத்தில் படைவீரர்களின் உடை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து தம் முன்னோர் அழைத்துவரப்பட்டனர் என்பது அங்குள்ள வண்ணார் குடும்பங்களில் வழிவழியாக வரும் செய்தி. இப்போதுள்ள சலவைத்துறை 1976இல் கட்டப்பட்டது. தனித்தனித் துவைகல் தொட்டிகள், முறுக்கிய கயிற்றின் இடையே கிளிப்பின்றிச் செருகிக் காயவிட்ட வேட்டிகள், கனமான இஸ்திரிப் பெட்டிகள் எல்லாம் அங்கே உண்டு. வேலை செய்பவரைக் கேட்காமல் படம் பிடிப்பது மரியாதையன்று. தமிழில் வணக்கம் சொன்னால் தமிழிலேயே வணக்கம் வரும்.

மீண்டும் வடகிழக்கே வந்து கல்வத்திக் கால்வாயைக் கடந்தால் மட்டாஞ்சேரிக் கடைத்தெரு தொடங்குகிறது. ஒரு பக்கம் காயல். மறு பக்கம் அரிசி, மிளகு, சுக்கு, ஏலம் முதலியவற்றின் பாண்டகசாலைகள். இங்கே மெதுவாக நடக்க வேண்டும். கிழக்கு மலைநாட்டு மிளகு ஆறுகளின் வழியே தோணியில் வந்து, இந்தச் சுவர்களுக்குள் காய்ந்து, கப்பலேறியது. அந்த மிளகுக்காகவே கோட்டையும் போரும் வந்தன. மிளகு வாணிபத்துக்கென 1957இல் இங்கே ஒரு சங்கமும் அமைந்தது. இந்நாளில் வாணிபம் மெலிந்துவிட்டது. பல கிடங்குகள் சிற்றுண்டிச் சாலைகளாகவும் ஓவியக் கூடங்களாகவும் மாறியுள்ளன; 2012இல் கலைவிழா தொடங்கிய பின் அம்மாற்றம் விரைந்தது. ஓவியங்கள் நன்றே, ஆயினும் சுமை தூக்குவோர் குரலும் சுக்கு மணமும் இல்லாத கிடங்கைக் காண எனக்கு மனம் ஒப்பவில்லை.

தெருவின் கோடியில் அரண்மனை. 1555ஆம் ஆண்டில் பறங்கியர் கட்டிக் கொச்சி அரசர் வீரகேரள வர்மருக்கு அளித்தது. ஒல்லாந்தர் பழுது பார்த்ததால் டச்சு அரண்மனை எனப் பெயர் பெற்றது. உள்ளே இராமாயண ஓவியங்கள் உள்ளன. அதையடுத்து யூதத் தெருவும், 1568இல் எழுந்த ஜெப ஆலயமும் உள்ளன. வெள்ளியன்று அரண்மனையும் சனியன்று ஜெப ஆலயமும் மூடியிருக்கும். ஞாயிறு நமக்கு வாய்ப்பான நாள். ஜெப ஆலயத்துக்குரிய செப்பேடுகள், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாஸ்கர இரவி வர்மன் என்னும் சேர மன்னன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவனுக்கு அளித்தவை. பாண்டிநாட்டுக் கல்வெட்டுகளில் காணும் அதே வட்டெழுத்தில், தமிழும் மலையாளமும் முற்றப் பிரியாத காலத்து மொழியில் அவை எழுதப்பட்டுள்ளன. கொங்கணியர், குஜராத்தியர், யூதர், நாம் என வந்தவர் அனைவரும் சேர்ந்தே மட்டாஞ்சேரியை ஊராக்கினர்.

இரண்டாம் நடைக்கு மிளகு வந்த திசையிலேயே செல்ல வேண்டும். கொச்சியில் குன்று கிடையாது. எறணாகுளத்திலிருந்து ஆலுவா வரை மெட்ரோ இரயிலில் சென்று, அங்கிருந்து பேருந்தில் காலடி வழியாக மலையாற்றூரை அடையலாம். அடிவாரத்திலிருந்து குரிசுமுடிக்கு ஏறும் வழி கரடுமுரடான பாறை வழி. வழி நெடுகச் சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகள் உள்ளன. நல்ல உடல்நலம் உடையோர்க்கு ஏறக்குறைய ஒரு மணி நேரமாகும். புனித தோமையார் இங்கு வந்து இறைவனை வேண்டினார் என்பது கிறித்தவ மரபு. தவக்காலத்திலும், ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறன்றும் கூட்டம் அலைமோதும். மரச்சிலுவை சுமந்து ஏறுவோரையும் காணலாம். சிறு பிள்ளைகளுடன் செல்வோர்க்குத் தை மாதம் ஏற்றது. மழைக்காலத்தில் பாறை வழுக்கும், அப்போது வேண்டா.

மேலிருந்து பிள்ளைகளுக்குப் பெரியாற்றைக் காட்டுங்கள். 1341ஆம் ஆண்டில் இவ்வாற்றில் வந்த பெருவெள்ளமே பழைய முசிறித் துறையை மணலால் மூடிக் கொச்சியின் முகத்துவாரத்தைத் திறந்தது என்பர். அந்த வெள்ளம் வராதிருந்தால் நாம் நடந்த கோட்டையும் கடைத்தெருவும் எழுந்திரா. இதே ஆற்றின் நீரில் ஒரு பங்கு, 1895இல் முடிந்த முல்லைப் பெரியாற்று அணையின் வழியே மலையைக் குடைந்து வைகைக்குச் செல்கிறது. தேனி, மதுரைப் பக்கத்திலிருந்து வந்துள்ள நம் குடும்பங்களில் ஊரில் வயலுடையோர், அந்த நீர் கண்டே நாற்று நடுகின்றனர். அணை பற்றிய வழக்கை மலையுச்சியில் எடுக்க வேண்டா. காற்று நன்றாக இருக்கும்.

ஏற்றம் ஆகாத முதியோர்க்குப் பெரும்பாவூருக்கு அண்மையிலுள்ள கல்லில் கோயில் தகும். சுமார் 120 படிகள். பெரும்பாறையின் கீழ் குடைந்த சமணக் கோயில், இன்று பகவதி கோயிலாக வழிபடப்படுகிறது. குமரி மாவட்டத்துச் சிதறால் மலையைக் கண்டவர்கள் இதை உடனே இனம் கண்டுகொள்வர்.

மூணாற்றுக்குப் பூயம்குட்டி, மாங்குளம் வழியாகச் சென்ற பழைய ஆலுவாச் சாலையை நடந்து காண வேண்டுமென்று இளைஞர் சிலர் கேட்டிருந்தனர். தேயிலைத் தோட்டங்களின் சரக்குக்குப் பயன்பட்ட அச்சாலையை 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அழித்துவிட்டது. அதன்பின் நேரியமங்கலம் வழியாகப் புதிய சாலை அமைந்து, 1935இல் அங்கே பாலமும் திறக்கப்பட்டது. பழைய சாலை இன்று யானைக் காடு. வனத்துறையின் அனுமதியின்றி ஒரு காதமும் செல்லலாகாது. நேரியமங்கலம் வழியே பேருந்தில் மூணாறு சென்று, தோட்டக் குடியிருப்புகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்த் தொழிலாளரைக் கண்டு பேசி வரலாம்.

இரண்டு நடைக்கும் மோர், கட்டுச்சோறு, தொப்பி, பிடிமானமுள்ள செருப்பு ஆகியவற்றை உடன்கொள்க. மலையாற்றூரில் இறங்கியதும் அடிவாரத்தில் தேநீர் கிடைக்கும். ஆலுவாப் பேருந்து மாலையில் நெரியும். நான்கு மணிக்குள் புறப்பட்டுவிட்டால் பிள்ளைகளுக்கு உட்கார இடம் கிடைக்கும்.