கிணற்று ஜலத்திற்கும் ஓர் அடங்கல் வேண்டும்

பொன்னமராவதி பிர்க்காவில் கண்மாயும் கிணறும் ஊருணியுமே குடியானவர்களின் ஜீவாதாரம் என்பது யாவரும் அறிந்ததே. அடங்கலில் ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் பயிர் எது, விஸ்தீரணம் எவ்வளவு, பாசனம் எதிலிருந்து என்பவை எழுதப்பட்டு வருகின்றன. அந்தப் பாசன ஜலம் எத்தன்மையது என்பது மட்டும் எழுதப்படுவதில்லை. இக்குறையைக் கிராமத்தார் தாமே நீக்கிக்கொள்ள வேண்டுமென்பது எமது அபிப்பிராயம்.

திண்டுக்கல் நமக்கு வெகுதூரமன்று. அங்கே தோல் பதனிடும் சாலைகளின் கழிவு நீர் நிலத்தில் இறங்கி, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் பரிசோதித்த 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருக்கக் கண்டார்கள். வேலூர்ப் பக்கம் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஒரு பகுதியோ சாகுபடிக்கு உதவாமற்போயிற்று. வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கத்தார் 1991-ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடர்ந்து, 1996 ஆகஸ்டு 28-ல் தீர்ப்புப் பெற்றனர். கெடுத்தவனே நஷ்டத்தைக் கொடுக்க வேண்டும் என்றும், தன் தொழிலால் தீங்கில்லை என்று ருசுப்படுத்தும் பொறுப்பு தொழில் நடத்துகிறவனையே சாரும் என்றும் அத்தீர்ப்புக் கூறுகிறது. இது சாமானியமான சகாயமன்று. இன்ன கிணற்றால் இன்னாருக்குப் புற்றுநோய் வந்தது என்று எந்த வைத்தியராலும் நிச்சயித்துச் சொல்ல இயலாது. அப்படிச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதே அதன் பொருள்.

உப்பு மிகுந்தால் நாக்கே சொல்லிவிடும். பயிரும் கருகிக் காட்டிவிடும். புற்றுநோய்க்குக் காரணமான விஷங்களோ அவ்வாறு முன்னறிவிப்பதில்லை. ஆர்சனிக் கலந்த ஜலத்திற்கு ருசியில் யாதொரு பேதமும் இராது. நெடுநாள் குடித்தவர்க்குத் தோலிலும் மூத்திரப்பையிலும் நுரையீரலிலும் புற்று உண்டாகிறது. தோல் தொழிலுக்கென ராணிப்பேட்டையில் குரோமிய உப்புச் செய்த தொழிற்சாலையின் கழிவில் அறுமதிப்புக் குரோமியம் இருந்தது. இதனைப் புற்றுநோய்க் காரணியென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1990-ல் வகுத்துள்ளது. ஆலை மூடப்பட்ட பின்னும் அக்கழிவு குவியலாய்க் கிடந்து நிலத்தடி நீரில் இறங்கிற்று.

நிற்க, இந்நோய் வெளிப்படப் பத்து இருபது வருஷங்கள், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதற்குள் ஆலையும் மூடியிருக்கும், முதலாளியும் போயிருப்பான். அன்றைக்குக் கிணறு எப்படி இருந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு ஊரில் ஒரு காகிதமும் இராது. பாலாற்று விவசாயிகளின் நஷ்டஈடு பற்றி 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் உத்தரவிட நேர்ந்தது. முதல் தீர்ப்புக்கு 29-வது வருஷத்தில்!

பிறர்மேல் மட்டும் குற்றம் சொல்லவும் நமக்கு நியாயமில்லை. மருந்து தெளித்த டப்பாவை ஊருணியில் கழுவுவது யார்? முன்னர் தாராளமாகத் தூவிய லிண்டேன் புற்றுநோய் விளைவிப்பதென 2015-ல் வகுக்கப்பட்டது.

ஆகையால் ஒவ்வொரு ஊராட்சியும் நாலைந்து கிணறுகளையும் குடிநீர் ஊருணியையும் தெரிந்தெடுத்து, வருஷந்தோறும் கோடையில் ஒருமுறையும் மழைக்குப் பின் ஒருமுறையும் ஜலத்தைப் பரிசோதிக்க அனுப்புவது நலம். சாதாரணப் பாசன நீர்ப் பரிசோதனையில் உப்பும் காரத்தன்மையுமே தெரியும்; உலோகங்களையும் மருந்து எச்சத்தையும் தனியே கேட்டுச் செய்விக்க வேண்டும். செலவு அதிகந்தான். சர்வே நம்பர், தேதி, முடிவு ஆகியவற்றை ஒரு புஸ்தகத்தில் எழுதி, பிரதியொன்றைக் கிராம நிர்வாக அலுவலர் வசம் வைக்கலாம்.

நிலத்தின் விலை இறங்கிவிடுமென்று மிராசுதார் சிலர் ஆட்சேபிக்கக்கூடும். விற்றுவிட்டுப் போகிறவருக்கு அது சரி. அக்கிணற்றிலேயே தம் பேரப்பிள்ளைகளும் குடிக்கப் போகிறவருக்கு அந்த ஆட்சேபம் பொருந்தாது. மார்ச் 22, உலக நீர் நாளில் கிராம சபை கூடுகிறது. அப்புஸ்தகத்தை அன்று சபையில் வாசிக்கலாம்.