கல்லில் இல்லாத இடைவெளி கோப்பில் எங்கிருந்து வந்தது?

மைசூரில் இயங்கும் இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டியல் பிரிவைக் குறித்துத் தமிழ்நாட்டில் எழுந்த வாதங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றியே நின்றன: தமிழ்க் கல்வெட்டு மைப்படிகள் எந்த ஊரில் இருக்க வேண்டும்? 1966இல் உதகமண்டலத்திலிருந்து மைசூருக்குப் பெயர்ந்த அலுவலகம் அது. தமிழ் மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவருமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021இல் உத்தரவிட்டதை ஆய்வுலகம் வரவேற்றது. அந்த வரவேற்பு நியாயமானதே. ஆயினும் மைப்படியிலிருந்து படித்தெடுத்த வாசகம் எக்ஸ்எம்எல் கோப்பாகும்போது அதற்கு என்ன நேர்கிறது என்பதில் அந்த அக்கறையின் நூற்றில் ஒரு பங்கும் வெளிப்படவில்லை. தாளின் முகவரிக்கு வழக்கு உண்டு. கோப்பினுள் நுழையும் இடைவெளிக்கு ஒரு கேள்விகூட இல்லை.

பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் சொற்களுக்கிடையே பொதுவாக இடைவெளி கிடையாது. கல் முடியும் இடத்தில் வரி முடியும். சொல் முடிந்ததா என்பதைக் கற்தச்சன் பார்ப்பதில்லை. இதனை அறிந்தே, கல்வெட்டுகளுக்கென அமைந்த எபிடாக் முறையில், வரி மாறும் இடத்தில் ‘எல்பி’ குறிச்சொல்லும், சொல் அங்கே முறியவில்லை என்றால் ‘பிரேக்’ என்னும் பண்புக்கூற்றுக்கு ‘நோ’ என்னும் மதிப்பும் இடப்படுகின்றன. ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியுடன் 2019இல் தொடங்கிய தர்மா திட்டமும் தமிழ்க் கல்வெட்டுகளுக்கு இம்முறையையே கையாண்டது. முறையில் குறையில்லை. கோப்பு ஏற்றுமதியாகும் நொடியில்தான் கேடு தொடங்குகிறது.

கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று ஏற்றுமதி நிரல் ஒவ்வொரு குறிச்சொல்லையும் புதிய வரியில் வைத்து, முன்னால் நான்கு இடைவெளிகளையும் சேர்க்கிறது. ‘கண்காணி’ என்னும் சோழர்கால அலுவற்பெயர் இரு வரிகளில் பிரிந்திருந்ததாகக் கொள்க. பண்புக்கூற்றை மதிக்கும் நிரல் தப்பிக்கும். குறிச்சொற்களைக் களைந்து வெறும் உரையை எடுக்கும் நிரலோ, அதுவே ஆய்வு மாணவர் பெரும்பாலோர் எழுதுவது, ‘கண்’ என்றும் ‘காணி’ என்றும் இரு சொற்களைத் தரும். இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்களே. எந்தப் பிழைதிருத்தியும் முனகாது. மேற்பார்வையாளர் ஒருவர் மறைந்து, நிலவுரிமை ஒன்று கணக்கில் ஏறுகிறது. நில உரிமையைச் சொல்லெண்ணிக்கையால் நிறுவ முனையும் ஆய்வேட்டுக்கு இது சிறு பிழையன்று. ‘தஞ்சாவூர்’ முறிந்து ‘வூர்’ தனிச்சொல்லாவது இதனினும் நல்லது. வகரம் ஊகாரத்தோடு மொழிமுதல் வாராது என்பதனால் இலக்கணம் அறிந்தவர் ஐயுறவாவது கொள்வார்.

‘வெற்றிடந்தானே’ என்பது பொறியாளர் தரப்பின் வழக்கமான விடை. அவர்கள் சான்று காட்டும் தரநிலையே அதனை மறுக்கிறது. 1998இல் வெளியான எக்ஸ்எம்எல் 1.0 பரிந்துரை, குறிச்சொல் அல்லாத எல்லா எழுத்துகளையும், வெற்றிடம் உட்பட, பயன்படுத்தும் நிரலிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. வரிமுடிவுக் குறிகளை ஒரே வகையாக்குவதே அது செய்யும் ஒழுங்கு. சேர்ப்பதும் நீக்குவதும் பின்னால் வரும் நிரல்களின் தன்விருப்பம். மறுதரப்பினர் ‘ஸ்பேஸ்’ பண்புக்கூற்றுக்குப் ‘பிரிசர்வ்’ என்று எழுதிவிட்டு நிம்மதி கொள்கின்றனர். அது வேண்டுகோள் மட்டுமே. கேளாத நிரலை அது கட்டுப்படுத்தாது. எதிர்த்திசைக் கேடும் உண்டு: ஆட்பெயருக்கும் ஊர்ப்பெயருக்கும் தனித்தனிக் குறிச்சொல் இட்டு, நடுவே பதிப்பாசிரியர் விட்ட ஒற்றை இடைவெளியைச் சில நிரல்கள் பயனற்றதென்று விழுங்கிவிடும், ஆளும் ஊரும் ஒட்டிக்கொள்ளும்.

தமிழ் எழுத்துக்கு இதில் தனிச்சிக்கல் ஒன்றுண்டு. கல்லில் ‘வா’ என்பதன் வகரம் ஒரு வரியிலும் கால் அடுத்த வரியிலும் நிற்கலாம். அங்கே குறிச்சொல்லை இட்டால் ஒருங்குறியில் துணைக்கால் தன் மெய்யை இழந்து, புள்ளிவட்டத்தைச் சுமந்துகொண்டு தனியே நிற்கும். நிரல் நடுவே வரியையும் புகுத்தினால் பிணைப்பு முற்றும் அறும். கொம்பின் நிலை இன்னும் விந்தையானது. கல்லில் கொம்பு முந்தியும் மெய் பிந்தியும் வரும். ஒருங்குறியில் மெய்யே முந்தும். கொம்போடு வரி முடிந்தால், அம்முறிவைக் குறிக்கக் கோப்பில் இடமே இல்லை. உரோமன் எழுத்துப்பெயர்ப்பை நாடுவோர் இதனைத் தீர்த்ததாகச் சொல்வதும் பொருந்தாது. அவர்கள் செய்வது தவிர்த்தல்.

இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனமும் மைசூரிலேயே இருப்பதால், கல்வெட்டியலும் தரவக மொழியியலும் ஒரே ஊரில் அண்டை வீட்டார். ஆனால் ஆய்வேடுகளில் இரண்டும் சந்திப்பது அரிது. வாய்மொழித் தேர்வில் ‘எத்தனை கல்வெட்டுகள்?’ என்று கேட்டு மகிழும் தேர்வாளர், இனி ஒரு சோதனையையும் கேட்கலாம்: ஏற்றுமதிக்கு முன்னும் பின்னும் உள்ள கோப்புகளின் குறிச்சொற்களை நீக்கி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டீர்களா? சில வரி நிரலே போதும். ஓர் இடைவெளி மிகுந்தாலும் குறைந்தாலும் அது காட்டிக்கொடுக்கும். அவ்வொப்பீட்டின் முடிவு இணைக்கப்படாத சொல்லடைவைத் துறைகள் ஏற்காமல் திருப்பியனுப்ப வேண்டும்.