வைஃபை ஸ்லோவா? பிளானை மாத்தாதீங்க!

"நெட் ரொம்ப ஸ்லோவா இருக்கு" என்று யாரிடம் சொன்னாலும் ஒரே மருந்துதான் கிடைக்கும். "பெரிய பிளானா போட்டுக்கோங்க சார்." கஸ்டமர் கேரில் பேசுபவர் அதைத்தான் சொல்வார். கேபிள்கார அண்ணன் அதைத்தான் சொல்வார். எதிர் வீட்டு அங்கிளும் அதையேதான் சொல்வார். காய்ச்சல் என்று போனவனுக்குத் தெர்மாமீட்டர் கூட வைக்காமல் ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கிற டாக்டரை நாம் சும்மா விடுவோமா? இந்த விஷயத்தில் மட்டும் விட்டுவிடுகிறோம். விடுவதோடு நிற்காமல் மாதாமாதம் காசும் கட்டுகிறோம்.

என் கட்சி இதுதான். பல வீடுகளில் மெதுவாக இருப்பது வெளியிலிருந்து வரும் லைன் இல்லை, ரவுட்டரிலிருந்து போன் வரைக்குமான காற்றுவழி. அதைச் சரிசெய்யாமல் பிளானை ஏற்றுவது வடிகட்டின வெட்டிச் செலவு.

நம்ம பி.காம். மக்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மார்ஜினல் காஸ்டிங்கில் கீ ஃபேக்டர் என்று ஒன்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மில்லில் மெஷின் ஓடும் நேரம்தான் பற்றாக்குறை என்றால், குடோன் முழுக்கப் பஞ்சு வாங்கி அடுக்கினாலும் ஒரு கஜம் துணி கூட நெய்ய முடியாது. வீட்டு இன்டர்நெட்டில் பிளான் என்பது பஞ்சு, ரவுட்டர்தான் மெஷின்.

கணக்கும் போட்டுவிடுவோம். புது பிளானுக்கு மாதம் 300 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 354. வருடத்துக்கு 4,248 ரூபாய். வேகம் ஏறவில்லை என்றால் இந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள்? நான் நன்கொடை என்று எழுதுவேன் :-)

சரி, கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு லேன் கேபிள் போதும். லேப்டாப்பை நேராக ரவுட்டரில் செருகி ஸ்பீட் டெஸ்ட் பாருங்கள். அப்புறம் கேபிளைக் கழற்றிவிட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் வைஃபையில் பாருங்கள். கேபிளில் 95 எம்பிபிஎஸ் (டாக்டர் படிப்பு இல்லீங்க, மெகாபிட் கணக்கு), பெட்ரூமில் 12 என்று வந்தால் கம்பெனி தருவதைத் தந்துவிட்டது, தொலைந்தது உங்கள் வீட்டுக்குள்தான். 100 பிளானை 300 ஆக்கினாலும் பெட்ரூமுக்கு அதே 12தான் வரும்.

எங்கே தொலைகிறது? முதல் குற்றவாளி இடம். ரவுட்டரைச் செருப்பு ஸ்டாண்டுக்குள்ளும், டிவிக்குப் பின்னாலும், இரும்பு பீரோ தலையிலும் வைத்தால் அது என்ன செய்யும்? கான்கிரீட், இரும்பு, தண்ணீர் மூன்றுமே சிக்னலுக்கு எதிரி. ஆனால் கனெக்‌ஷன் கொடுக்க வருபவர் வயர் எங்கே நுழைகிறதோ அங்கேயே ஆணி அடித்துவிட்டுப் போய்விடுகிறார்.

அடுத்தது அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம், சுவரைக் கண்டால் திணறும். பல ரவுட்டர்களில் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் உங்கள் போன் எதில் தொங்குகிறது என்றே தெரியாது. செட்டிங்கில் போய் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். ஹாலில் இருக்கும் டிவி, லேப்டாப் எல்லாம் 5க்குப் போகட்டும்.

2.4இல் இன்னொரு தலைவலி, கூட்டம். அங்கே ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் என்று வழக்கமாகச் சொல்லப்படுபவை 1, 6, 11 மூன்றுதான். அபார்ட்மென்டில் இருபது ரவுட்டரும் இந்த மூன்றுக்குள்தான் முட்டிக்கொள்ள வேண்டும். போதாததற்கு ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இருக்கின்றன. ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் ரேஷன் கடை வரிசை மாதிரி காத்திருக்க வேண்டும். வைஃபை அனலைசர் என்று தேடினால் கிடைக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, மூன்றில் காலியானதைப் பார்த்து மாற்றுங்கள். சேனல் அகலம் 40 என்று இருந்தால் 20 ஆக்குங்கள். நெரிசல் தெருவில் லாரியை விட டூவீலர்தான் சீக்கிரம் போய்ச் சேரும்.

இன்னும் இரண்டு இடம் பாருங்கள். செக்யூரிட்டி பகுதியில் 'டிகேஐபி' என்று இருந்தால் வேகம் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது, டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 என்று மாற்றுங்கள். இரண்டாவது போர்ட். தனியாக ரவுட்டர் வாங்கியிருந்தால், பெட்டி மேல் 1200 என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது இரண்டு அலைவரிசையின் அதிகபட்ச வேகத்தையும் கூட்டிப் போட்ட விளம்பரக் கணக்கு. பின்னால் வயர் செருகும் போர்ட்டோ பல மலிவு மாடல்களில் 100 எம்பிபிஎஸ்தான். அதில் 300 பிளான் போட்டால் 200க்கு மேல் வாசலிலேயே நின்றுவிடும்.

இதில் எதுவும் ரகசியம் இல்லை. ரவுட்டர் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் அடித்தால் எல்லாம் திறக்கும். திறக்க விட்டால்! சித்தி வீட்டில் லைன் கொடுத்த கம்பெனி அட்மின் பாஸ்வேர்டை மாற்றி வைத்திருந்தது. கேட்டால், "தம்பி, அதுல எல்லாம் கை வைக்காதீங்க, லைன் போயிடும். அம்மாவை அடுத்த பிளானுக்கு மாறச் சொல்லுங்க." சேனல் மாற்றினால் எப்படிங்க லைன் போகும்? லைன் சம்பந்தப்பட்ட பகுதியைப் பூட்டி வையுங்கள், நியாயம். வைஃபை பகுதியை எதற்குப் பூட்ட வேண்டும்? போனில் பேசும் அந்த ஊழியரைத் திட்டிப் பயனில்லை, அவர் கையில் கொடுத்த வசனத்தைப் படிக்கிறார். ஆனால் பில் ஏறினால் லாபம் அடைகிறவரிடமே பில் ஏற்றலாமா என்று ஆலோசனை கேட்பது நம் தப்பு.

"இதெல்லாம் வீட்டுல இருக்கிறவங்களுக்குப் புரியாதுப்பா" என்று ஒரு பதில் தயாராக இருக்கும். குக்கர் கேஸ்கெட் மாற்றவும், கேஸ் ரெகுலேட்டர் மாட்டவும், ஈபி மீட்டரில் யூனிட் பார்க்கவும் தெரிந்த அம்மாவுக்கு, 1, 6, 11இல் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதா? புரியாது என்பதை விட, யாரும் சொல்லித்தரவில்லை என்பதுதான் உண்மை.

கம்பெனி மேல் தப்பே இருக்காது என்று நான் சொல்லவில்லை. கேபிளிலேயே 100க்கு 20தான் வருகிறது, வயரை மாற்றியும் தேறவில்லை, இலவச டேட்டா அளவும் தீரவில்லை என்றால் வழக்கு உங்கள் பக்கம். காலை, மாலை, இரவு என்று ஒரு வாரம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் எண் கேட்டு வாங்குங்கள். சரிவரவில்லை என்றால் கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போங்கள், 2012 டிராய் விதிகளில் அதற்கு வழி இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்பு சேவைக்கும் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் இதற்கெல்லாம் கையில் ஆதாரம் வேண்டும். வைஃபையில் எடுத்த டெஸ்ட்டைக் காட்டினால் "உங்க வீட்டுச் சுவர் சார்" என்று தப்பித்துவிடுவார்கள். கேபிளில் எடுத்ததைக் காட்டினால் சுவரைக் காட்டித் தப்பிக்க முடியாது.

அடுத்த மாத பில்லுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள் மக்களே. ஒரு கேபிள், இரண்டு டெஸ்ட், நாலு செட்டிங். அதற்கப்புறமும் பெரிய பிளான் வேண்டும் என்று கணக்கு சொன்னால் தாராளமாகப் போடுங்கள். கணக்குதான் சொல்ல வேண்டும், கஸ்டமர் கேர் இல்லை.